வால்வும் இரும்பும்: லண்டன் வீடுகளில் ஆம்ப்ளிஃபையர் கட்டும் கலை

வெற்றிடக் குழாய் என்று நூல்களும் வால்வு என்று ரேடியோ மெக்கானிக்குகளும் வழங்கும் கருவியைக் கொண்டு ஒலி ஆம்ப்ளிஃபையர் கட்டும் கலை, டிரான்சிஸ்டர் வந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் லண்டன் வீடுகளின் பின்னறைகளில் உயிரோடிருக்கிறது. அக்கலைக்கு வேண்டிய அறிவு, உதிரிப்பொருள், தொழிற்சாலை, கடைத்தெரு ஆகிய நான்கையும் அந்நகரம் ஒரு காலத்தில் தன் எல்லைக்குள்ளேயே வைத்திருந்ததே அதற்கு முதன்மையான காரணம். முதல் வால்வுக்கு 1904 நவம்பரில் காப்புரிமை கோரிய ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங், லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பேராசிரியராக இருந்தவர். காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் கூட்டுக்குள் சூடேறிய கேத்தோடிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான்கள் எதிரேயுள்ள ஆனோடு என்னும் தகட்டுக்குச் செல்லும், ஆனால் எதிர்த்திசையில் மின்னோட்டம் நிகழாது என்ற இயல்பே அவருடைய வால்வின் அடிப்படை. அவ்விரண்டுக்கும் இடையில் கிரிட் என்னும் கம்பி வலையை அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் 1906இல் நுழைத்தபோதுதான் பெருக்கம் என்ற செயல் கைகூடிற்று. கிரிட்டில் ஏற்படும் சிறு மின்னழுத்த மாற்றம் ஆனோடுக்குச் செல்லும் மின்னோட்டத்தைப் பெரிய அளவில் ஏற்றியிறக்குவதே வால்வு ஆம்ப்ளிஃபையரின் முழு ரகசியம்.

ஃபிளெமிங்கின் தொடக்ககால வால்வுகள் வடக்கு லண்டனின் போண்டர்ஸ் எண்டில் இருந்த எடிஸ்வான் ஆலையில் உருவாயின. தெற்கே மிச்சமில் முல்லார்டு ஆலையும், தென்கிழக்கே ஃபுட்ஸ் கிரேயில் பிரிமார் ஆலையும், மேற்கே ஹாமர்ஸ்மித்தின் புரூக் கிரீனில் மார்க்கோனி-ஆஸ்ரம் வால்வு நிறுவனமும் பின்னாளில் எழுந்தன. இவற்றுள் ஆம்ப்ளிஃபையர் கட்டுவோர் இன்றும் மரியாதையுடன் நினைப்பது புரூக் கிரீனைத்தான், ஏனெனில் 1937இல் வெளிவந்த கேடி66 என்னும் வெளியீட்டு வால்வு அங்கே பிறந்தது. கேத்தோடு, ஆனோடு, கிரிட் ஆகிய மூன்றோடு திரை கிரிட் என்னும் நான்காவது உறுப்பைச் சேர்த்தால் வால்வின் திறன் உயரும். ஆனால் ஆனோடில் மோதும் எலெக்ட்ரான்கள் அங்கிருந்து வேறு எலெக்ட்ரான்களைத் தெறிக்கவைக்க, அவற்றைத் திரை கிரிட் கவர்ந்துகொள்வதால் மின்னோட்ட வளைவில் ஒரு நெளிவு விழுந்து ஒலி திரியும். ஐந்தாவது உறுப்பொன்றைச் சேர்த்து அந்நெளிவைப் போக்கும் வழி பிலிப்ஸ் நிறுவனத்தின் காப்புரிமைக்குள் அடங்கியிருந்தமையால், இஎம்ஐ நிறுவனத்தின் பொறியாளர்கள் கிரிட் கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் நிறுத்தி, எலெக்ட்ரான்களைக் கற்றைகளாகச் செலுத்தி, நான்கு உறுப்புகளிலேயே நெளிவை நீக்கினர்; கேடி66 அம்முறையைப் பின்பற்றியது. புரூக் கிரீன் ஆலை 1988இல் மூடப்பட்டது. அவ்விடத்தில் இன்று ஒரு பேரங்காடி நிற்கிறது.

மார்க்கோனி-ஆஸ்ரம் நிறுவனத்தில் பணியாற்றிய டி.டி.என். வில்லியம்சன் வகுத்த சுற்று, 1947 ஏப்ரல், மே மாதங்களின் ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழ்களில் வெளிவந்தது. வீட்டில் ஆம்ப்ளிஃபையர் கட்டும் வரலாற்றை அதற்கு முன், அதற்குப் பின் என்று பிரிப்பதில் மிகையேதுமில்லை. ஓர் இணை கேடி66 வால்வுகளைக் கொண்டு 15 வாட் ஒலியாற்றலை ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான திரிபோடு தந்த அந்தச் சுற்றின் அடிப்படை, பெல் ஆய்வகத்தின் ஹெரால்டு பிளாக் 1927இல் கண்டறிந்த எதிர்ப் பின்னூட்டம் என்னும் கோட்பாடு. வெளிவரும் ஒலிச்சைகையில் ஒரு சிறு பகுதியை எதிர்க் கட்டத்தில் முதற்படிக்கே திருப்பியனுப்பினால், உள்ளே நுழைந்ததற்கும் வெளியே வந்ததற்கும் உள்ள வேற்றுமையை ஆம்ப்ளிஃபையர் தானே குறைத்துக்கொள்ளும் என்பது அதன் சாரம். வில்லியம்சன் அந்தப் பின்னூட்டத்தை 20 டெசிபல் அளவுக்கு, அதாவது திரிபைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் அளவுக்கு, வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரையும் உள்ளடக்கிச் சுற்றிக் கொடுத்தார். சுற்றுப்படத்தோடு அந்த டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றும் முறையையும் அவர் மறைக்காமல் அச்சேற்றியதே இக்கலைக்குக் கிடைத்த பெருங்கொடை. சராசரி டிரான்ஸ்ஃபார்மரை வைத்து அதே சுற்றைக் கட்டியவர்களின் ஆம்ப்ளிஃபையர்கள் செவிக்கெட்டாத அதிர்வெண்ணில் தாமே ஊளையிட்டுச் சூடேறின. சுற்று பிழையன்று, இரும்பு பிழை என்பதைக் கட்டியவர்கள் மெல்லவே உணர்ந்தனர்.

இக்கலையில் நெடுங்காலம் பழகியவர்கள் எல்லாரும் வந்தடையும் முடிவு இதுதான்: வால்வு ஆம்ப்ளிஃபையரின் தரத்தைத் தீர்மானிப்பது ஒளிரும் கண்ணாடியைவிட, அதன் பின்னால் கறுப்பு மூடிக்குள் கிடக்கும் டிரான்ஸ்ஃபார்மரே. நாதஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ அப்படியே ஆம்ப்ளிஃபையருக்கு வால்வு. அது இன்றியமையாததும், தேய்வதும், மாற்றப்படுவதும் ஆகும், ஆனால் கருவியின் உடல் ஆச்சா மரத்தில் இருப்பதுபோல ஆம்ப்ளிஃபையரின் உடல் இரும்பில் இருக்கிறது. வால்வு மிகுந்த மின்னழுத்தத்தையும் குறைந்த மின்னோட்டத்தையும் தருவது. ஸ்பீக்கரோ குறைந்த மின்னழுத்தத்தில் மிகுந்த மின்னோட்டத்தைக் கேட்பது. இஎல்84 என்னும் வால்வு இணை 8000 ஓம் சுமையை எதிர்பார்க்க, ஸ்பீக்கர் 8 ஓம் மட்டுமே காட்டுமாயின், இரண்டுக்கும் உள்ள விகிதம் 1000. அதன் வர்க்கமூலமாகிய 31.6 என்பதே டிரான்ஸ்ஃபார்மரின் முதற்சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் இருக்க வேண்டிய சுற்றெண்ணிக்கை விகிதம். பழைய பிரிட்டிஷ் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 15 ஓம் ஆனதால் அவற்றுக்கு இவ்விகிதம் 23 அளவில் நின்றது. கணக்கு இவ்வளவு எளிதாயினும் செயல் எளிதன்று. ஆழ்ந்த தாழொலிக்கு இரும்பும் சுற்றும் மிகுதியாக வேண்டும், ஆனால் சுற்று மிகுந்தால் சுற்றுகளுக்கிடையே கசியும் காந்தப்புலமும் மின்தேக்கமும் மிகுந்து உச்சவொலி மழுங்கும். இவ்விரண்டு முரண்களையும் ஒருங்கே அடக்க, முதற்சுற்றையும் இரண்டாம் சுற்றையும் பல பகுதிகளாகப் பிரித்து அடுக்கடுக்காக ஊடுபாவிச் சுற்ற வேண்டும். அவ்வாறு சுற்றுவதில் புகழ்பெற்ற பார்ட்ரிட்ஜ் நிறுவனத்தின் டிரான்ஸ்ஃபார்மர்களைப் பழம்பொருள் சந்தையில் காண்போர் இன்றும் விட்டுவைப்பதில்லை.

மாற்றியமைத்தல் என்பதன் வரலாறும் இதையே சொல்கிறது. இஎம்ஐ நிறுவனத்தின் ஆலன் புளும்லீன், திரை கிரிட்டை டிரான்ஸ்ஃபார்மரின் முதற்சுற்றிலேயே ஓர் இடைப்புள்ளியில் இணைக்கும் முறைக்கு 1937இல் காப்புரிமை கோரினார். அமெரிக்காவின் டேவிட் ஹாஃப்லரும் ஹெர்பர்ட் கெரோஸும் 1951இல் அம்முறையை அல்ட்ரா-லீனியர் என்ற பெயரில் பரப்பியபோது, உலகெங்கும் வில்லியம்சன் சுற்றைக் கட்டியிருந்தவர்கள் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் ஏறத்தாழ ஒன்றே, இடைப்புள்ளிகள் உள்ள புதிய டிரான்ஸ்ஃபார்மரை வாங்கிப் பழையதைக் கழற்றுவது. மேற்கு லண்டனின் ஹான்வெல்லில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலுக்காக 1962இல் கென் பிரானும் டட்லி கிரேவனும் கட்டிய கிட்டார் ஆம்ப்ளிஃபையர் இன்னும் தெளிவான சான்று. அமெரிக்காவின் ஃபெண்டர் பாஸ்மேன் சுற்றையே அவர்கள் பின்பற்றினர். ஆனால் முதற்படி வால்வின் இடத்தில் 100 மடங்கு பெருக்கத் திறனுள்ள இசிசி83 அமர்ந்தது, வெளியீட்டில் பின்னர் கேடி66 வந்தது, டிரான்ஸ்ஃபார்மர்களும் ஸ்பீக்கர்களும் இங்கிலாந்தில் கிடைத்தவையாயின. சுற்றுப்படம் அதுவேயாக, ஒலி முற்றிலும் வேறாயிற்று.

போருக்குப் பிந்தைய லண்டனில் இவற்றைக் கட்டியவர்களுள் பலர் பணவசதி உடையவர்களல்லர். லெஸ்டர் சதுக்கத்தின் பின்புறமுள்ள லைல் தெருவில் இராணுவ உபரிப்பொருள்கள் குவிந்து கிடந்தன. ராடாருக்கென்று செய்யப்பட்ட இஎஃப்50 வால்வுகளும், ஒலிபரப்புக் கருவிகளிலிருந்து கழற்றிய 807 வால்வுகளும் மலிவாகக் கிடைத்ததால், கேடி66 வாங்க இயலாதவர்கள் 807ஐக் கொண்டே வில்லியம்சன் சுற்றைக் கட்டினர். எட்ஜ்வேர் சாலையின் ஹென்றிஸ் ரேடியோ போன்ற கடைகள் பின்னர் அவ்விடத்தைப் பிடித்தன. சீன உணவகங்கள் நிறைந்த இன்றைய லைல் தெருவில் அதன் சுவடில்லை. கென்ட்டின் டன்பிரிட்ஜில் கூடும் ஆடியோஜம்பிள் போன்ற சந்தைகளே அந்த வேலையை இப்போது செய்கின்றன.

1954இல் முல்லார்டு நிறுவனம் வெளியிட்ட 5-10 என்னும் சுற்று, ஐந்து வால்வுகளில் 10 வாட் தருவது, வீட்டில் கட்டுவதற்கென்றே வகுக்கப்பட்டது. முதன்முறை கட்டுவோருக்கு இன்றும் அதையே பரிந்துரைப்பது தகும். சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில், முன்னறையின் பரப்புக்கும் அண்டைவீட்டாரின் பொறுமைக்கும் 10 வாட் தாராளம். அதைவிட மிகுதியான ஆற்றலைத் தேடி எடுத்த எடுப்பிலேயே 450 வோல்ட் சுற்றுகளில் இறங்குவது அறிவுடைமையாகாது. ஆக்டனில் இயங்கிய லீக் நிறுவனத்தின் ஸ்டீரியோ 20 என்னும் 1958ஆம் ஆண்டு ஆம்ப்ளிஃபையரும் 5-10இல் உள்ள அதே இஎல்84 வால்வுகளைக் கொண்டதே ஆதலால், ஒன்றைக் கட்டிப் பழகியவருக்கு மற்றதைச் சீர்செய்வது கடினமன்று.

அத்தகைய பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்று மேசைக்கு வரும்போது செய்யத்தகாத முதற்செயல், அதை நேராக மின்சாரத்தில் இணைப்பது. ஆண்டுக்கணக்கில் உறங்கிய மின்பகு கண்டன்சர்களின் உட்படலம் சிதைந்திருக்கும். முழு மின்னழுத்தம் ஒருங்கே பாய்ந்தால் அவை வெடிக்கவும் கூடும், மின்வழங்கும் டிரான்ஸ்ஃபார்மரை எரித்துவிடவும் கூடும். தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் ரேடியோ மெக்கானிக்குகள் கையாண்ட சீரீஸ் பல்பு முறை, அதாவது ஒரு டங்ஸ்டன் இழை பல்பைத் தொடரிணைப்பில் வைத்து அதன் வழியாக மின்சாரம் கொடுப்பது, லண்டன் மேசைகளிலும் அதே பணியைச் செய்கிறது. உள்ளே எங்கேனும் குறுக்கிணைப்பு இருப்பின் பல்பு முழு ஒளியுடன் எரிந்து எச்சரிக்கும், இல்லையேல் சற்றே ஒளிர்ந்து மங்கும். எல்இடி பல்பு இதற்கு உதவாது, ஏனெனில் இழை சூடேறச் சூடேற மின்தடை உயரும் இயல்பே இங்கு காவல்.

அடுத்து நோக்க வேண்டியவை இணைப்புக் கண்டன்சர்கள். முந்தைய படியின் ஆனோடில் நிற்கும் இருநூறு வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்னழுத்தத்தைத் தடுத்து, ஒலிச்சைகையை மட்டும் வெளியீட்டு வால்வின் கிரிட்டுக்குக் கடத்துவது இவற்றின் கடமை. பழைய காகிதக் கண்டன்சர்கள் ஈரமேறிக் கசியத் தொடங்கினால், ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று நேர்மின்னழுத்தம் கிரிட்டை அடைந்து, வால்வின் மின்னோட்டத்தை எல்லை கடக்கச் செய்து, ஆனோடு செந்நிறமாகக் கனலும் நிலைக்குக் கொண்டுவரும். வால்வு கெட்டது என்று எண்ணிப் புதிய வால்வு வாங்கிச் செருகினால் அதுவும் அதே வழியில் போகும். கசிவு கண்டன்சரிலா வால்விலா என்றறிய, வெளியீட்டு வால்வுகளைக் கழற்றிவிட்டு, காலியான சாக்கெட்டின் கிரிட் முனையில் மல்டிமீட்டரை வைத்து அளப்பதே முறை. அங்கே அரை வோல்ட் தென்பட்டாலும் அந்தக் கண்டன்சருக்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டும். வால்வுகள் இல்லாதபோது சுமை குறைந்து உயர் மின்னழுத்தம் மேலும் ஏறும் என்பதால், இச்சோதனையைச் சில நொடிகளில் முடித்துவிடுவது நல்லது. பிளாஸ்டிக் படலத்தால் ஆன புதிய கண்டன்சர் சில பவுண்டு விலையில் கிடைப்பதும், அது காப்பாற்றும் டிரான்ஸ்ஃபார்மர் இன்று எவ்விலைக்கும் அதே வடிவில் கிடைக்காததும் சேர்த்து எண்ணத்தக்கவை.

இதன்பின் ஓய்வுநிலை மின்னோட்டத்தைக் கணக்கிட வேண்டும். 5-10 சுற்றில் ஒவ்வோர் இஎல்84 கேத்தோடிலும் 270 ஓம் ரெசிஸ்டர் உள்ளது. அதன் இருமுனைகளுக்கிடையே 10.8 வோல்ட் காட்டுமாயின், ஓம் விதிப்படி 40 மில்லிஆம்பியர் ஓடுகிறது என்று பொருள். அதில் நான்கு மில்லிஆம்பியர் அளவு திரை கிரிட்டுக்குப் போக, எஞ்சிய 36 மில்லிஆம்பியரை ஆனோடுக்கும் கேத்தோடுக்கும் இடைப்பட்ட 290 வோல்ட்டால் பெருக்கினால் ஏறத்தாழ 10.4 வாட் வரும். அந்த வால்வின் ஆனோடு தாங்கும் எல்லை 12 வாட் ஆதலால் இது நிம்மதியான இடம். இந்த ஒரு பெருக்கலைச் செய்யாமல் விலையுயர்ந்த வால்வுகளை மாற்றி மாற்றிச் செருகிப் பார்ப்பவர்களால் ஒலி மேம்பட்டதா இல்லையா என்று ஒருபோதும் உறுதியாகச் சொல்ல இயலாது.

நல்லெண்ணத்தால் விளையும் கேடுகளுள் தலையாயது, வடிகட்டும் கண்டன்சரைப் பெரிதாக்குவது. பெரிய கண்டன்சர் ரீங்காரத்தைக் குறைக்கும் என்பது உண்மையே. ஆனால் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் ரெக்டிஃபையர் வால்வுக்கு அடுத்து நிற்கும் முதல் கண்டன்சருக்கு உற்பத்தியாளர் விதித்த உச்சவரம்பு உண்டு. ஜிஇசட்34 என்னும் ரெக்டிஃபையருக்கு அது 60 மைக்ரோஃபாரட், இஇசட்81க்கு 50. அதைக் கடந்தால், கண்டன்சர் நிரம்பும் ஒவ்வொரு கணத்திலும் பாயும் உச்ச மின்னோட்டம் ரெக்டிஃபையரின் கேத்தோடைச் சிதைத்துவிடும். சுவர் மின்சாரமும் கவனத்துக்குரியது. பிரிட்டனின் அறிவிக்கப்பட்ட மின்னழுத்தம் 1995 முதல் 230 வோல்ட் ஆயினும், பத்து விழுக்காடு வரை உயரலாம் என்ற சலுகை அதற்குண்டு. லண்டன் வீடுகளில் 240ஐ ஒட்டியே மீட்டர் காட்டுவது வழக்கம். 230க்குச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரில் 242 வோல்ட் நுழைந்தால், கேத்தோடைச் சூடேற்றும் ஹீட்டரின் 6.3 வோல்ட் 6.6ஐத் தாண்டும், உயர் மின்னழுத்தமும் அதே விகிதத்தில் ஏறும். பழைய ஆம்ப்ளிஃபையர்களில் 240க்கெனத் தனி முனை இருப்பின் அதைப் பயன்படுத்துவதே வால்வின் ஆயுளுக்கு நல்லது.

உயிர் பற்றிய எச்சரிக்கையை இங்கே சுருக்கமாகவேனும் சொல்லாமல் விடலாகாது. செருகியைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சர்களில் முந்நூறு, நானூறு வோல்ட் தங்கியிருக்கும். தக்க ரெசிஸ்டர் ஒன்றின் வழியாக அதை வடித்து, வடிந்ததை மீட்டரால் உறுதிசெய்த பின்னரே சேஸி என்னும் உலோகச் சட்டத்துக்குள் கை வைக்க வேண்டும். மின்சாரம் ஓடும்போது அளக்க நேர்ந்தால் ஒரு கையை ஆம்ப்ளிஃபையரிலிருந்து முற்றிலும் விலக்கி வைத்துக்கொள்ள வேண்டும். எர்த் கம்பி இல்லாத பழைய இருகம்பி வடத்தைக் கழற்றி மூன்று கம்பி வடம் பொருத்தி, சேஸியை எர்த்துடன் இறுக இணைப்பது எவ்வளவு அரிய ஆம்ப்ளிஃபையருக்கும் கட்டாயம். மூலநிலை மாறிவிடுமே என்று சேகரிப்போர் வருந்தும் வருத்தம் இந்த ஓரிடத்தில் செல்லுபடியாகாது.

ஏனைய இடங்களில் அவ்வருத்தம் நியாயமானதே. ஹன்டிங்டனில் பீட்டர் வாக்கர் 1953இல் வெளியிட்ட குவாட் II ஆம்ப்ளிஃபையரில், இரண்டு கேடி66 வால்வுகளின் கேத்தோடுகளும் டிரான்ஸ்ஃபார்மரின் தனிச் சுற்றொன்றின் வழியாகச் சென்று ஒரே 180 ஓம் ரெசிஸ்டரில் முடிகின்றன. அந்த ரெசிஸ்டர் காலப்போக்கில் சூட்டால் மதிப்பு மாறுவது உண்மை, மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதைக் காரணமாகக் கொண்டு சுற்றையே பிரித்தெறிந்து, வேறு வால்வும் வேறு பின்னூட்டமும் அமைப்பவர், வாக்கர் டிரான்ஸ்ஃபார்மருக்குள் சுற்றிவைத்த சிந்தனையைப் பயனற்றதாக்குகிறார். மாற்றம் எதுவாயினும் திரும்பப் பெறத்தக்கதாக இருக்க வேண்டும். கழற்றிய உறுப்புகளைப் பையிலிட்டு ஆம்ப்ளிஃபையருடனேயே வைத்து, மாற்றிய தேதியையும் அளந்த மின்னழுத்தங்களையும் தாளில் எழுதி அடிமூடியின் உட்புறம் ஒட்டுவது, அடுத்து அதைத் திறப்பவருக்குச் செய்யும் பேருதவி.

வால்வுகளுக்குப் பஞ்சமில்லை. ஸ்லோவாக்கியாவின் சாட்சாவிலும், ரஷ்யாவின் சரதோவிலும், சீனாவிலும் இஎல்84 முதல் கேடி88 வரை இன்றும் செய்யப்படுகின்றன. பழைய டிரான்ஸ்ஃபார்மர்களின் நிலை அதுவன்று. தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் ஈழத்தின் கோயில் வீதிகளிலும் திருவிழாதோறும் முழங்கிய வால்வு மைக் செட்டுகள் பல, இன்னமும் பரண்களிலும் பழைய சவுண்டு சர்வீஸ் கிடங்குகளிலும் கிடக்கின்றன. புலம்பெயர்ந்தோர் சிலருடைய லண்டன் வீடுகளின் மாடியறைப் பெட்டிகளிலும் தந்தையார் விட்டுச்சென்ற ஒன்று இருக்கக்கூடும். அவற்றைச் செம்புக் கம்பிக்காகவும் இரும்புத் தகட்டுக்காகவும் எடைபோட்டு விற்க எண்ணுவோர், அதற்குமுன் வால்வு ஆம்ப்ளிஃபையர் அறிந்த ஒருவரிடம் அந்த வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரை ஒருமுறை காட்ட வேண்டும். அறுபட்ட கம்பி ஒன்றும் இல்லையெனில், அதைச் சுற்றி ஒரு புதிய ஆம்ப்ளிஃபையரை எழுப்பிவிடலாம்.